சட்டம் போடும் கடை

மஞ்சக்குப்பத்தில் என் கடையில்
சாமிகளுக்கும் செத்தவர்களுக்கும்
ஒரே பீடிங்தான்.
மூன்றாவது வகை, அஞ்சலாட்சி கொண்டுவருவது.

பிளைவுட் துண்டில் படகு பெயின்ட்.
துறைமுகத்தில் வீசின டப்பாக்களைச் சுரண்டி எடுப்பாள்.
அதனால் அவள் வயலில் எல்லாம் கொஞ்சம்
விசைப்படகு நீலம்.
கறுப்புக்கு முந்திரித்தோட்டு எண்ணெய்.
பண்ருட்டியில் பதினொரு வருசம் கொட்டை உடைத்து
வெந்துபோன விரல் நுனிகள்,
பிரஷ் வாங்கினதில்லை.

படத்தில் நாற்றுக்கட்டு பறக்கும்,
பன்றி குட்டிகளோடு வரப்பேறும்,
ஒருத்தி மூக்கைச் சிந்துவாள்.
பாண்டியில் ஒருவர்
'ஆகா, அந்தக் காலம்' என்று சொல்லி
நல்ல விலைக்கு விற்கிறார்.
முதுகாவே போடுறியே என்றால்
'குனிஞ்சிருந்தா அதானே தெரியும்.'

எல்லாப் படத்திலும் மேல் மூலையில்
சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கிணறு.
அளவு தெரியாமல் போடுகிறாள் என்றே நினைத்திருந்தேன்.
கண்ணாடி வெட்டிக்கொண்டே ஒருநாள் சொன்னேன்,
மாட்டுக் காதே அதைவிடப் பெரிசா இருக்கே.

'அவ்ளோ தூரத்துலதான நிப்போம்' என்றாள்,
'யாராச்சும் வந்து ஊத்துவாங்கன்னு.'

கட்டர் வழுக்கி
இரண்டடிக் கண்ணாடி வீண்.

ஆடியில் ஒரு ரிசார்ட்டிலிருந்து ஆர்டர்.
நாலுக்கு மூணு. கிணறு பெரிசா, கிட்டத்தில்,
பெண்கள் தண்ணீர் இறைக்கவேண்டும்.
இருபது நாள் ஆளைக் காணோம்.
பிறகு மினிபஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்தாள்.

சுற்றுச்சுவர் இருந்தது. ராட்டினம். குடம்.
ஆறு பெண்கள், முதல்முறையாக முகத்தோடு;
ஒருத்திக்கு அவளுடைய மாறுகண்.
நடுவில் வட்டமாக
பெயின்ட் படாத வெறும் பலகை.

மேனேஜர் போனில் கத்தினார்:
நீலம் அடிச்சு முடிங்கம்மா.
'உள்ள எப்டி சார் இருக்கும்?
பாத்திருந்தா சொல்லுங்க, போட்டுர்றேன்.'
அந்தப் பக்கம் பதில் இல்லை.
அவரும் குழாய்த் தண்ணிதான் போலிருக்கு என்று
போனை முந்தானையில் துடைத்தாள்.
பிறகு என் பக்கம் திரும்பி,
'நீ பாத்திருக்கியாண்ணே?'

எங்கள் கொல்லையில் உறைக்கிணறு.
மூன்றாம் உறை இடுக்கில் ஓர் அரசங்கன்று,
உச்சி வேளையில் மட்டும் வெயில் இறங்கும்,
அப்போது ஆமை மேலே வரும்.

நான் ஆணி எண்ணிக்கொண்டிருந்தேன்.