மேலே பதினாறு, கீழே பன்னிரண்டு

வால்பரைசோவில் இந்தக் குன்றேற
இரண்டு மரப்பெட்டிகள் உண்டு.
ஒரே கம்பிவடத்தின் இரு முனைகள்.
ஒன்று இறங்கினால்தான் மற்றது ஏறும்.
மேல் நிலையத்துச் சுழல்கதவின் பக்கத்தில்
நான் சில்லறை வாங்குகிறேன்,
பதினேழு வருடமாக.

இயந்திர அறையில் நிபால்தோ
வானொலியில் பந்தாட்டம் கேட்டபடி
நெம்புகோலைத் தள்ளுகிறார்.
வடத்துக்கு மசகு போடும் நாள்களில்
என் ரொட்டியிலும் அந்த வாசம்.

வருடக் கடைசியில் நுழைவுத் தேர்வு.
நாற்பத்து மூன்று வயதில் எதற்கு இஸ்மேனியா என்று
தங்கை கிளெமிரா கேட்டாள்.
எனக்கும் தெரியாது.
பயணச்சீட்டுகளின் முதுகு வெள்ளையாக இருக்கிறது,
எழுதிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

இன்றைய கணக்கு முப்படி.
எக்ஸ் கனம், கழித்தல் நாலு எக்ஸ் வர்க்கம்,
கழித்தல் பதினோரு எக்ஸ், கூட்டல் முப்பது.
மூன்றாக உடைக்க வேண்டும்.
கண்ணாடி டம்ளர் மாதிரி அல்ல,
திரும்பப் பெருக்கினால்
கீறல் தெரியாமல் ஒட்ட வேண்டும்.

முழு எண் ஒன்று ஒளிந்திருந்தால்
அது முப்பதை மீதியின்றி வகுக்கும்.
ஆகவே நாலு வரவேண்டாம், ஏழு வரவேண்டாம்.
மற்றவர்கள் வரிசையில் நிற்கலாம்.

ஒன்றைப் போட்டேன்.
பதினாறு வந்தது.
கழித்தல் ஒன்று: முப்பத்தாறு.
அவசரத்தில் இரண்டைத் தாண்டி
மூன்றைப் போட்டேன்.
கழித்தல் பன்னிரண்டு.

பென்சில் நின்றது.

ஒன்றில் மேலே பதினாறு,
மூன்றில் கீழே பன்னிரண்டு.
மேலே பார்த்த பெட்டி
கொஞ்ச நேரத்தில் கீழே நிற்கிறதென்றால்
நடுவழியில் அந்த மஞ்சள் வீட்டின்
சமையலறை ஜன்னலைக் கடந்துதான் போயிருக்கும்.
பெட்டிக்குக் குதிக்கத் தெரியாது.
இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்ல வேண்டாம்,
தினம் நூறு தடவை பார்க்கிறேன்.

இரண்டைப் போட்டேன்.
எட்டு. அதில் பதினாறு போக,
இருபத்திரண்டு போக,
முப்பது வர.
விரலை மடக்கி மறுபடி கூட்டினேன்.

“பூஜ்ஜியம்!” என்றேன், சத்தமாக.

சுழல்கதவில் நின்ற விலாங்கு வியாபாரி
கூடையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு
“இன்றைக்கு இலவசமா, அம்மணி?” என்றார்.
நான் வாய் திறப்பதற்குள்
உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.
தரையில் உப்புநீர் சொட்டுச் சொட்டாக.

பெட்டி இறங்கியது. நான் வகுத்தேன்.
ஒன்று, கழித்தல் இரண்டு, கழித்தல் பதினைந்து,
கடைசிக் கட்டத்தில் எதுவும் இல்லை.
பதினேழு வருடத்தில்
கடைசிக் கட்டத்தில் எதுவும் இல்லாததற்கு
சந்தோஷப்பட்டது இன்றுதான்.

மிஞ்சியது வெறும் இருபடி.
அதை ஊகிக்கக்கூடத் தேவையில்லை;
பெருக்கினால் கழித்தல் பதினைந்து,
கூட்டினால் கழித்தல் இரண்டு.
எக்ஸ் கழித்தல் ஐந்து, எக்ஸ் கூட்டல் மூன்று.
விடைகள் இரண்டு, ஐந்து,
அப்புறம் கழித்தல் மூன்று,
கடல்மட்டத்துக்குக் கீழே ஒரு நிறுத்தம் போல.
அங்கே யார் இறங்குவார்கள்?

நிபால்தோ உள்ளிருந்து கெட்ட வார்த்தையில் கத்தினார்.
கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டதாம்.

பதினொரு மணிக்குப் பெட்டியைக் கொட்டி எண்ணினால்
நூறு பெசோ குறைகிறது.
என் பையிலிருந்து போட்டேன்.
காரணம் எழுதும் கட்டத்தில்
“விலாங்கு” என்று எழுதி, அடித்துவிட்டு,
மறுபடி “விலாங்கு” என்றே எழுதினேன்.

அடுத்த கணக்கின் மாறிலி ஐம்பத்தாறு.
ஒன்றைப் போட்டேன்.
இல்லை.