பத்தொன்பதாம் நாள்

டுலூத் நகரில் ஏரி உறைந்துவிட்ட மாதம்.
பழைய மாவு ஆலையின் இரண்டாம் மாடியில்
சிகரெட் கம்பெனி நீதிமன்றத்துக்குப் பயந்து கொடுத்த பெட்டிகள்
கூரை வரை.
ஆர்டிஸ் ஹௌகனுக்கு மணிக்கு ஒன்பது டாலர்.
தாளை எடு, எண்ணைப் பதி,
யார் எழுதியது, யாருக்கு, என்றைக்கு,
பொருள் என்ன, ஒரே வரியில்.
கருத்து எழுத இடமில்லை.

எலிகளின் முதுகில் தார் தடவிய கணக்கு: 40112.
மிச்ச எலிகளை என்ன செய்வது என்று கேட்ட கடிதம்: 40113.
‘கட்டி’ என்ற சொல்லை அடித்துவிட்டு
மேலே நீலப் பென்சிலில் ‘விளைவு’: 40114.
அழகான கையெழுத்து.

மணிக்கொருமுறை அவளும் கீழே இறங்குவாள்.
சரக்குக் கதவருகே, பூஜ்யத்துக்கும் கீழே இருபது.
கையுறையைக் கழற்றினால்தான் லைட்டர் பிடிக்கும்.
ஏழெட்டுப் பேர், தோளைக் குறுக்கி;
வாயிலிருந்து வருவது புகையா, வெறும் மூச்சா,
பார்க்கிறவருக்குத் தெரியாது.
“மேலே படிக்கிறதைக் கீழே கொளுத்துறோம்”
என்றான் வெர்ன். யாரும் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை, விற்பனைப் பிரிவின் தாள் ஒன்று:
‘நான் விட்டுவிட்டேன், பட்டியலிலிருந்து என் பெயரை எடுங்கள்’
என்று எழுதுகிறவர்களை எடுக்க வேண்டாம்.
கடிதத் தேதியிலிருந்து நாள் எண்ணவும்.
மூன்றாம் வாரம் பனிக்கட்டி மெலிசு.
பத்தொன்பதாம் நாள் கூப்பன் கையில் இருக்கட்டும்.

அவள் எழுதியிருந்தாள் அப்படியொரு கடிதம்.
ஏழு வருஷத்துக்கு முன்னால், ‘தயவுசெய்து’ போட்டு,
‘நன்றி’ போட்டு, சொந்தத் தபால்தலை ஒட்டி.
பிறகு ஒரு நாள் தபால்பெட்டியில்
பனி படிந்த உறை: ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.
நம்மவளாக இருந்திருந்தால்
‘என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்’ என்றிருப்பாள்.
அவள் ஊரில் அப்படிச் சொல்வதில்லை.
பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினாள்,
ஏழு வருஷம்.

பெண் சிரித்தால் போச்சு,
புகையிலை விரித்தால் போச்சு
என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு.
அன்று அந்த அறையில் இரண்டும் நடந்தது.
தாளை விரித்துப் பிடித்தபடி
இருமல் வரும்வரை சிரித்தாள்.
மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார்.
61870. பொருள்: தபால் அனுப்பும் கால அட்டவணை.

அன்றே விட்டாள் என்று எழுத ஆசைதான்.
அன்று மாலை இரண்டு அதிகம் பிடித்தாள்.
விட்டது மார்ச்சில்,
காரணம் சொல்லத் தோன்றாத ஒரு செவ்வாய்க்கிழமை.
இந்த முறை யாருக்கும் கடிதம் எழுதவில்லை.

பத்தொன்பதாம் நாள்
தபால்பெட்டியைத் திறந்தாள்.
மின்சார பில். லூத்தரன் சபையின் மீன் விருந்து அறிவிப்பு.
இன்னும் கையை உள்ளே விட்டு
பின்சுவர் வரை தடவினாள்.
தகரம்.
சில்லென்று, வெறும் தகரம்.