கிடத்திய கதவு

மாட்ரிட். ஐம்பத்தேழு, பிப்ரவரி.
எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் சுவருக்குச் சுவர் கம்பளம்.
அதில் குதிகால் விழுந்தால்
மாவில் விழுந்த காசுதான்.
சாமான் அறையின் கதவைக் கீலிலிருந்து கழற்றி
நடுக்கூடத்தில் கிடத்தினேன்.
பைன் மரம்.
சாவித் துவாரத்தில் கொஞ்சம் பஞ்சு அடைத்தேன்.

காடிஸ் பக்கம், மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையிலிருந்து
இரவு ரயிலில் வந்திருந்தாள் ஹெர்மினியா.
விரலிடுக்கில் உப்பு வெடிப்பு.
கதவை ஒருமுறை சுற்றி நடந்தாள்.
"இதுக்கு அந்தப் பக்கம் என்ன?"
"சிமெண்ட்" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

கிட்டார், எலோய். இருமல்காரன்.
பன்னிரண்டு எண்ணி முடிகிற தாளம்,
மூன்றில் ஓர் அழுத்தம், ஆறில் ஒன்று,
எட்டு, பத்து என்று மூச்சு முட்டிப்
பன்னிரண்டில் வந்து உட்காரும்.
சிவப்பு விளக்கைப் போட்டேன்.

அவள் கதவைத் தட்டினாள்.
காலால்.
முதலில் வாடகை பாக்கி கேட்க வந்தவள் மாதிரி.
அப்புறம் நடுராத்திரியில்
மருத்துவச்சியைத் தேடி வந்தவள் மாதிரி.
அப்புறம்
உள்ளே தீப்பிடித்தது தெருவுக்கே தெரிந்து
உள்ளே இருப்பவருக்கு மட்டும் தெரியாத மாதிரி.
யாரும் திறக்கவில்லை.
முள் சிவப்புக் கோட்டைத் தாண்டித் துடித்தது.
குமிழைத் திருகிக் குறைப்பதுதான் என் வேலை.
குறைக்கவில்லை.

இரண்டாம் நிமிடக் கடைசியில் எலோய் இருமினான்.
அந்த இடத்தில் அவள் ஓர் அடியை
வைக்காமல் விட்டாள்.
"இன்னொரு தடவை எடுக்கலாம்."
"காலையில் ஷிப்ட் இருக்கு" என்று
செருப்பை மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.
கூலி முந்நூறு பெசெட்டா,
ரயில் டிக்கெட் அதில் கழிவு.

கதவை மறுபடி மாட்டினோம்.
குதிகால் ஆணிகள் கொத்திய அம்மைத் தழும்போடு
துடைப்பங்களையும் காலி டப்பாக்களையும்
அது காவல் காத்தது.
தட்டிய தட்டெல்லாம் தட்டாகி
பெட்டி பெட்டியாகக் கப்பல் ஏறியது.
அட்டையில் வேறொருத்தி:
புள்ளிப் பாவாடை, காதோரம் கார்னேஷன்,
சோப்பு விளம்பரத்துக்கு வந்த பெண்.

புவெனோஸ் ஐரெஸில் ஒரு செருப்புக் கடைக்காரர்
கடையைச் சாத்திவிட்டுக் கேட்டாராம்.
ஓரானில் ஒரு கல்யாண வீட்டில்
ஊசி தேயும்வரை சுழன்றதாம்.
ஆட்டத்தைக் காதால் பார்த்தவர்கள் எழுதினார்கள்:
அட்டைப்பெண் வேண்டாம்,
அந்தக் கால்கள் யாருடையவை?

ஆலை மேலாளர் தந்தியைப் பிரித்தபோது
அவள் மத்தியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.
பிறகு லிஸ்பன், பாரிஸ், ஆளுயரச் சுவரொட்டி.
'லா சல்முவேரா', உப்புத்தண்ணீர்க்காரி
என்ற பட்டத்தை ஆலைப்பெண்கள்
கிண்டலுக்கு வைத்திருந்தார்கள்;
அதைத்தான் மின்விளக்கில் எழுதச் சொன்னாள்.
அட்டைப்பெண்ணின் பெயரை விசாரித்து
அவளுக்கும் ஒரு டிக்கெட் அனுப்பினாள்.
வந்தாளா, தெரியாது.

அறுபத்து நான்கு, மெக்சிகோ.
நவம்பரில் எலோயின் நுரையீரல் ஓய்ந்திருந்தது.
வேறு கிட்டார்காரர் மூவரை நிறுத்திப் பார்த்தார்கள்,
மூவரும் நல்ல கைகள்.
அவள் எனக்குத் தொலைபேசினாள்:
"ஃபெர்மின், தட்டை எடுத்துக்கொண்டு வா."

அவன் உட்காரும் பிரம்பு நாற்காலியில்
கிராமபோனை வைத்தேன். ஊசியை இறக்கினேன்.
கீறல் சத்தம் மழைபோல.
ஏழு வருடத்துக்கு முந்தைய அவள் கால்கள்
அரங்கத்தைத் தட்ட ஆரம்பித்தன.
அவள் ஆடவில்லை.
இடுப்பில் கை வைத்து, தலை சாய்த்து,
கடன் கேட்டு வந்த பெண்ணின் கதையைக் கேட்பதுபோல
நின்றாள்.
மேல்மாடியில் யாரோ விசிலடித்தான்.
காசைத் திருப்பிக் கொடு என்றான் இன்னொருவன்.

எலோய் இருமினான்.

அப்போது வைத்தாள்,
அன்று வைக்காமல் விட்ட அந்த ஓர் அடியை.
பலமாகக்கூட இல்லை.
ஒன்றுதான்.
விசிலடித்தவன் எழுந்து நின்றதைப் பார்த்தேன்.

என்னிடம் அன்று மைக் இல்லை.