இடப்புறம் மூன்றாவது தோள்

இருக்கைச் சீட்டு தீர்ந்துவிட்டது என்றார்கள்.
விலையைக் கேட்டபின்
தீர்ந்ததே நல்லது என்று பட்டது.
கோட்டைக்கு எதிரே வழுக்குப்பாறைக் குன்றில்,
கம்பளியும் பானையுமாய்
விடியுமுன்னே இடம்பிடித்துவிட்ட
குஸ்கோக்காரர்களுக்கு நடுவில்
எனக்கு ஒற்றைக்கால் ஊன்றுமளவு புல் கிடைத்தது.

ஜூன் இருபத்து நான்கு. இங்கே நடுக்குளிர்.
நாலு படிக்கொருமுறை
மூச்சு என்னைவிட்டு இறங்கி நின்றுகொண்டது.
காலையில் குடித்த கோகா இலைத் தேநீர்
தலைவலியைக் கொஞ்சம்
தள்ளி உட்காரச் சொல்லியிருந்தது, அவ்வளவே.

பின்னாலிருந்து ஒரு கிழங்குத்தோல் பறந்துவந்து
முதுகில் பட்டது.
நிற்பவர் மறைப்பவர்; அதுதான் குன்றின் சட்டம்.
எர்மெலிந்தா போர்வையின் ஓரத்தை விரித்தாள்.
சூளையாய் அடுக்கிச் சுட்ட மண்கட்டிகளை உடைத்துக்
கிளறியெடுத்த ஒரு கிழங்கை
உள்ளங்கையில் வைத்தாள்.
சூடு. சாம்பல். உள்ளே மஞ்சள்.

அவள் ஸ்பானியம் கெச்சுவாவில் ஊறியது.
என் ஸ்பானியம் பெரும்பாலும் கைகளில்.

கீழே சங்குகள் ஊதின.
நான்கு திக்கிலிருந்தும் நிறங்கள் இறங்கின.
பல்லக்கில் அரசன் வந்தான்,
சாயாமல், சிரிக்காமல், தகதகவென்று.
"அவனைப் பார்க்காதே" என்றாள்.
"இடப்புறம் மூன்றாவது தோள்.
என் தம்பி சிப்ரியானோ.
மற்ற நாளெல்லாம் மினிபஸ் ஓட்டுகிறான்.
நேற்று ராத்திரி முழுக்கக் கடைவாய்ப் பல்வலி."

எல்லாரும் எறும்பளவுதான் தெரிந்தார்கள்.
ஆனாலும் அதன்பிறகு
எனக்குப் பேரரசு தெரியவில்லை.
வீங்கிய கன்னம் ஒன்று
சூரியனின் மகனை
அலுங்காமல் சுமந்துபோவது தெரிந்தது.

அரசன் இரு கைகளையும் உயர்த்தி
வானத்தோடு பேசத் தொடங்கியபோது
ஒலிபெருக்கி இருமியது,
ஒருமுறை விசிலடித்தது,
செத்தது.
மைதானம் முழுக்க ஒரு வாயசைவு.

போர்வைக்குள்ளிருந்த அமாரு,
ஏழு வயது, வாய் நிறையக் கிழங்கு,
விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.
இரண்டு வாரம் வேலிக்கு வெளியே நின்று
ஒத்திகை கேட்டவன்.
அடுத்த போர்வையிலிருந்து ஒருத்தி சேர்ந்துகொண்டாள்.
அதற்கடுத்ததிலிருந்து ஒரு பாதி வரி.

"என்ன சொல்கிறான்?"
எர்மெலிந்தா எனக்காகச் சுருக்கினாள்:
"ரொம்பத் தூரம் போய்விட்டாய்.
இதற்கு மேல் போகாதே. திரும்பி வா."
அவ்வளவுதானா?
"இன்னும் நிறைய இருக்கிறது.
மற்றதெல்லாம் மரியாதை."

எங்கள் ஊரில் அதைத்
திரும்பி வா என்று யாரும் கூப்பிட்டதில்லை.
தையில் ஒருநாள் பொங்கிப் படைத்துக் கும்பிட்டுவிட்டு
மீதி மாதமெல்லாம் வைகிறோம்.
கொளுத்துகிறது, வாட்டுகிறது,
மண்டையைப் பிளக்கிறது.
சும்மா இருக்கும்போதுகூட
வெயில் அடிக்கிறது என்றுதான் எங்கள் பேச்சு.
இங்கே மேகம் ஒதுங்கி
தோளில் இரண்டு விரல் அகலத்துக்கு அது விழுந்தபோது
அதே வினைச்சொல்
வேறு குரலில் நாவுக்கு வந்தது:
அடி. இன்னும் கொஞ்சம் அடி.

கல்மேடையில் ஒரு கறுப்பு லாமாவைக் கிடத்தினார்கள்.
கத்தி மின்னியது.
பூசாரி சிவந்த எதையோ தூக்கிக் காட்டினார்.
விலைகொடுத்த இருக்கைகளில்
சிலர் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள்.
அமாரு கொட்டாவி விட்டான்.
"அதன் பெயர் அஸெய்த்துனா. எங்கள் தெரு.
சாயங்காலம் வந்துவிடும்."

சோளக்கள் வந்தது.
முதல் மடக்கு மண்ணுக்கு.
இரண்டாவது அவளுக்கு.
மூன்றாவதில் எனக்குப் புரை ஏறியது;
சிரித்தபடி முதுகில் தட்டினாள்,
கிழங்குத்தோல் பட்ட அதே இடத்தில்.

இறங்கும்போது, குன்றின் அடியில்,
அரண்மனை உடையைக்கூட அவிழ்க்காமல்
கன்னத்தில் பியர் பாட்டிலை ஒற்றியபடி நின்றிருந்தான் சிப்ரியானோ.
இடத்தோளில் மரத்தடி பதிந்த சிவப்பு.
அக்கா அறிமுகம் செய்தாள்.
என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டேன்:
திரும்பி வருமா?

பல்லைக் கடிக்காமல் பேசினான்.
"காலை ஐந்தரைக்கு முதல் நடை.
இருட்டில்தான் கிளம்புவேன்.
எந்த நிறுத்தத்தில் வெளுக்கிறதென்று
வந்தால் நீயே பார்க்கலாம்.
இரண்டு சோல். சில்லறையாக."

போகவில்லை. தூங்கிவிட்டேன்.
எழுந்தபோது
விடுதிச் சன்னலில்
அடித்துக்கொண்டிருந்தது.