பதினேழு கேள்விகளுக்கு

செண்பகவல்லி,
"முதன்முதலா வெளிநாடு வர்றேன்" என்று
உன் மின்னஞ்சல் தொடங்கியிருந்தது.
வெளிநாடு என்ற சொல்லை வாசித்துவிட்டு
எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.
எங்களுக்கு அது கனடா, லண்டன்,
அண்ணன் பனியில் வழுக்கிக் கை முறித்த நோர்வே.
உனக்கு அது நாங்கள்.
சரி.

வரிசை பார்க்காமல் பதில் சொல்கிறேன்.

கடிகாரத்தைத் தொடாதே, நேரம் ஒன்றுதான்.
சார்ஜர் மட்டும் ஒத்துவராது.
இங்கே துளைகள் சதுரம், உன்னுடைய முள் உருண்டை.
அடாப்டரை விமானநிலையத்தில் வாங்காதே,
என்னிடம் இரண்டு கிடக்கிறது.

உன் ஒரு ரூபாய் இங்கே மூன்றுக்கு மேல்.
முதல் நாள் பணக்காரி மாதிரி இருக்கும்.
இரண்டாம் நாள் ஒரு இளநீருக்கு விலை கேட்பாய்,
தெளிந்துவிடும்.

புறக்கோட்டையில் நாற்பத்தொன்பதாம் இலக்க பஸ்.
பலகையில் மூன்று எழுத்தில் மூன்று பெயர் இருக்கும்.
கண்டக்டர் "ட்ரிங்கோ, ட்ரிங்கோ" என்று கூவுவார்.
அதுவும் நாங்கள்தான்.
வலப்பக்க ஜன்னல் வேண்டாம், காலை வெயில்.
ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டும்போது
பஸ் இலக்கத்தகட்டைப் படம் எடுத்துக்கொள்.
எல்லா பஸ்ஸும் ஒரே நீலம்.

மொழிபெயர்ப்புச் செயலி வேணுமா என்று
சிரிப்புக்குறி போட்டுக் கேட்டிருக்கிறாய்.
சிரிக்காதே.
அம்மா சோற்றைப் போட்டுவிட்டுக் "காணுமோ?" என்பா,
எதைக் காணோம் என்று மேசைக்குக் கீழே தேடாதே.
போதுமா என்கிறா.
"மனேஜர் பேசினவர்" என்று நான் சொன்னபோதெல்லாம்
"என்ன பேசினார்?" என்று கேட்டாயே,
இரண்டு வருடமாக!
பேசினார் என்றால் ஏசினார்.
மற்றபடி நாங்கள் கதைப்போம்.
சந்தியில் நஜிமுதீனின் ஆட்டோ நிற்கும்.
மெற்றில்டா ரீச்சர் வீடு என்று சொல், பாலையூற்று.
"ஆறுதலாப் போங்கோ" என்றும் சொல்.
மெதுவாகப் போவார்,
துக்கம் விசாரிக்கமாட்டார்.

கோணேசர் கோயிலுக்கு ஏழு மணிக்கு முன்னம் போகவேண்டும்.
பதினொரு மணிக் கல்லில் வெறுங்காலோடு நின்றால்
சாமியை விட்டுவிட்டு நிழலைக் கும்பிடுவாய்.
கோட்டை வாசலில் சிப்பாய் நிற்பார், படம் எடுக்காதே.
உள்ளே மான்கள் நிற்கும், அதை எடு.
ஆனால் வாழைப்பழப் பையைக் கையில் வைத்திராதே,
பழத்தையும் தின்னும், பையையும் தின்னும்.

ஒன்பதாவது கேள்வியை மூன்று தரம் தாண்டிப் போனேன்.
"பாதுகாப்பா இருக்குமா?"

இரவு பத்துக்குப் பிறகு தெருநாய்கள்.
நிலாவெளியில் கயிறு கட்டிய இடத்துக்கு அப்பால் நீந்தாதே.
நெரிசல் பஸ்ஸில் பையை முன்னால் போடு.

நீ கேட்டது இதுவல்ல என்றால்:
எங்கள் முன்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி.
அதில் பொலித்தீன் சுற்றிய ஒரு பை.
காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள்,
அப்பாவின் ஒரே படம், ஒரு டோர்ச்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
அம்மா பற்றரி மாற்றுவா.
கடலுக்காகவா, மற்றதுக்காகவா,
நான் கேட்டதில்லை.
நீயும் கேட்காதே.
அவவாகச் சொன்னால் தேத்தண்ணி ஆறட்டும், இருந்து கேள்.
குளித்துவிட்டு வந்து
ஈரத் துவாயை அந்த ஆணியில் மட்டும் போடாதே.
மற்ற எல்லா ஆணியும் உன்னுடையது.

பதினான்காவது: குடை வேண்டாம், ஓகஸ்ட்டில் மழை இல்லை.
கச்சான் அடிக்கும்.
கச்சான் என்றால் காற்று,
கச்சான் என்றால் வேர்க்கடலையும்.
இரண்டும் உவர்மலைக் கடற்கரையில் கிடைக்கும்,
ஒன்றுக்குத்தான் காசு.
உதடு வெடிக்கும்,
தேங்காயெண்ணெய் இங்கே இருக்கிறது,
நீ வா.

ரெஜினி