மூன்று வரை

கட்டைவிரலை ஆட்டினால்
எங்கள் பக்கம்
ஒன்றுமில்லை போ என்று பொருள்.
இங்கே லாக்போர்ட் திருப்பத்தில்
ஏதாவது கொடுங்கள் என்று
அதையே நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஏப்ரல். காற்றில் பாசியும் டீசலும்.
எட்டு வாரம் காத்துக் கிடைத்த ஓட்டுநர் தேர்வு
பன்னிரண்டு மணிக்கு, பிரிட்ஜ்வாட்டரில்.
கார் தருகிறேன் என்ற யூஜீன்
விடியற்காலையில் அனுப்பிய படத்தில்
திறந்து கிடந்தது பானெட்.
கீழே ஒரு கெட்ட வார்த்தை.
கார் இல்லாமல் கார் தேர்வுக்கு எதற்குப் போகிறேன்?
மீன் ஆலையில் விடுப்பு எடுத்தாயிற்று,
வேறு காரணம் இல்லை.

சிங்கிறால் கூண்டுகள் ஏற்றிய டிரக் நின்றது.
ஓட்டியவர் தன் பெயரைச் சொல்லவில்லை,
நாயின் பெயரைச் சொன்னார்: டிக்கர்.
ஈர நாய், பாதி என் மடியில் பாதி கியரின் மேல்.
சேபிள் நதி வரைக்கும்
மூவரில் அதிகம் பேசியது அதுதான்.
இறக்கிவிடும்போது அரை சாண்ட்விச்சை நீட்டினார்,
முகம் பார்க்காமல்,
பழைய கடனைத் தீர்ப்பவர் போல.

பிறகு முக்கால் மணி நேரம்
போனவை எல்லாம் போய்க்கொண்டே இருந்தன.
ஒரு குழந்தை மட்டும் பின்கண்ணாடியில் கையசைத்தது.
விரல் விறைத்து என்னுடையதாக இல்லை.
ரேகை எடுத்த அதிகாரி
இன்னும் அழுத்து, இன்னும் அழுத்து என்று
கேட்ட அதே விரல்.

டார்லீன் கிரௌஸ் என்னைக் கடந்து போனாள்.
நூறடி தள்ளி மனம் மாறி
ரிவர்ஸிலேயே வந்தாள்,
நான் இரண்டு முறை தோற்ற அதே ரிவர்ஸ்,
ஒற்றைக் கையால்,
ரேடியோவைத் திருகிக்கொண்டு.

பல் பிடுங்கப் போகிறேன், நீ?
கார் தேர்வு.
கார் எங்கே?

கடல் ஜன்னலுக்குள் வந்து வந்து போனது.
லிவர்பூல் தாண்டியும் அவள் அதை மறுபடி கேட்கவில்லை.
தேர்வு அலுவலக வாசலில் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்.
பிரேக் கொஞ்சம் முரடு.
காப்பீட்டுத் தாள் டாஷ்போர்டில்.
கண்ணாடியை உன் உயரத்துக்கு மாற்றிக்கொள்.
பல் மருத்துவரிடம் நடந்தே போனாள்,
ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல்.

பரிசோதகர் ஹிமல்மன் நல்ல மனிதர்,
வருத்தத்தோடுதான் எழுதினார்:
நிறுத்தப் பலகையில் நீங்கள் நிற்கவில்லை,
ஊர்ந்தீர்கள்.
மனதுக்குள் மூன்று வரை எண்ணவேண்டும்.

கன்னத்தில் பஞ்சோடு வந்தாள் டார்லீன்.
வாய் மரத்திருந்ததால்
கட்டைவிரலை உயர்த்திக் கேட்டாள்.
நான் என்னுடையதை எங்கள் பக்கத்து முறையில் ஆட்டினேன்.
புரிந்துகொண்டாள்.

தன் வீட்டைத் தாண்டி நாற்பது கிலோமீட்டர்
எனக்காக ஓட்டினாள்.
லாக்போர்ட் சாலை கடலைத் தொடும் இடத்தில்
ஒரு நிறுத்தப் பலகை.
இரு புறமும் ஆளில்லை.
அவளும் ஊர்ந்தாள்.

ஒன்று, என்றேன் தமிழில், வாய்விட்டு.
கார் குலுங்கி நின்றது. முரட்டு பிரேக்.
இரண்டு.
இவந்து, என்றாள் அவள் பஞ்சுக்குள்ளிருந்து,
சிரிக்கவும் முடியாமல்.
வைப்பர் ஒருமுறை போய் வந்தது.

மூன்றைக் கொஞ்சம் இழுத்தே சொன்னேன்.