நாற்பத்தொரு விநாடி

கொருக்குப்பேட்டை கேட் போட்டால்
ஐம்பத்தெட்டுப் பெட்டியும் போய்முடியும் வரை
யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை.
ஆறரைக்கு நேரலை.
ஸ்கூட்டியை அணைத்துவிட்டு எண்ணுவேன்.
நிலக்கரி, நிலக்கரி, எண்ணெய், நிலக்கரி,
கடைசியில் கார்டு, கையில் பச்சைக் கொடி.
எனக்கும் சேர்த்துத்தான் காட்டுகிறார்
என்று வைத்துக்கொள்வேன்.

இருபத்தாறு வருடம் இப்படி.
சபா வாசலில் வண்டி, வண்டிக்குள் குளிர்,
குளிருக்குள் ஏழு சின்னத் திரை.
ஒன்று ரெடி. ஒன்று.
மூணு, மிருதங்கத்துக்குப் போ,
முகம் வேணாம், தொப்பிப் பக்கம்.
அவர் கை இறங்கும் முன்னே நான் சொல்லியாக வேண்டும்;
இறங்கிய பிறகு சொன்னால் அது வெறும் செய்தி.
வித்துவான் மூக்கைத் துடைத்த கணத்தில்
நாடு முழுக்க அவரைக் காட்டியதும் நான்தான்.
அதற்கு மன்னிப்புக் கடிதம் ஒன்று பாக்கி.

முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில்
ஜெசிந்தா என்பதில் 'ஜெ' வரும்போதே
ஒன்பது மணிச் செய்தி வந்து மென்றுவிடும்.

எங்கள் தெருமுனையில் மீன் வெட்டும் அஞ்சலாட்சி
ஒருநாள் கத்தியை நிறுத்தாமல் கேட்டாள்:
'அந்தப் பொண்ணு ஆடச்சொல்ல
மூஞ்சியே காட்டினுகீறியே,
கால வெட்டிட்டு இன்னா டான்ஸு?
வாலில்லாத மீன நீ வாங்குவியா?'
நிலையத்தின் ஆய்வுக் கூட்டங்களில்
இதைவிடத் தெளிவாக யாரும் பேசியதில்லை.
அன்றிலிருந்து ஜதி வந்தால்
பாதம் வரை அகலம்.

அப்புறம் தண்டையார்பேட்டைத் திடல்.
பாலத்துக்கு இந்தப் பக்கம்
எங்கள் வண்டி வந்தது அதுதான் முதல் தடவை.
சாக்கடைக்கு மேலே கேபிளைத் தூக்கிப் பிடித்து
பையன்கள் தோளில் வாங்கிக்கொண்டார்கள்.
பதினெட்டுப் பெண்கள், பதினெட்டுப் பறை.
பொற்கிளி முதலடி அடித்தாள்.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு ஜெனரேட்டர் செத்தது.
ஏழு திரையும் ஒரே சமயத்தில் கண்மூடின.
டாக்பேக் மட்டும் பேட்டரியில் உயிரோடு.
பறை நிற்கவில்லை.
வண்டியின் தகரம் அதை என் முதுகில் அடித்தது.

ரெண்டு, சிண்டுக்குச்சி என்றேன்.
'மேடம், வியூஃபைண்டர் கருப்பு' என்றான் இருதயராஜ்.
தெரியும். நீ வா. மெதுவா. இடப்பக்கம்.
வந்தான். மூச்சு கேட்டது.
ஒண்ணு, பாதம். புழுதியோட.
மூணு, அந்தக் கடைசிப் பொண்ணு, சிரிக்கிறா பாரு.
'ஆமா மேடம்' என்றான் மூணு,
எப்படிப் பார்த்தானோ.
எந்த வெட்டும் ஒரு அடிகூடப் பிசகவில்லை.
எனக்கு வியர்த்துக் கொட்டியது, ஏசியும்தான் இல்லையே.

வீடுகளில் அப்போது ஒரு ரோஜாப்பூ,
அடியில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'.

விளக்கம் கேட்டார்கள்.
'டீசல் வடிகட்டியில் அடைப்பு,
நாற்பத்தொரு விநாடி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
அதில் பொய் ஒன்றும் இல்லை.

மறுநாள் அஞ்சலாட்சி:
'நேத்து நடுவுல ஒரு பூ காட்டினியே,
அது யாரு வூட்டு தோட்டம்?'
தெரியலக்கா என்றேன்.
அரைக் கிலோ சங்கரா, வாலோடு,
போட்டுக் கட்டினாள்.
கேட் மூடியிருந்தது.